ஏற்காடு ஏற்றத்தில் உறுமல் மட்டும், இழுவை இல்லை: மாற்றியமைத்த ஸ்கூட்டரில் பெல்ட், கிளட்ச் நழுவலைக் கண்டறிந்து சரிசெய்யும் முழு வழிகாட்டி

சேலம் ஐந்து ரோட்டிலும் அஸ்தம்பட்டியிலும் எந்தக் குறையும் காட்டாத ஸ்கூட்டர், அடிவாரம் தாண்டி நான்கைந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறியதும் திணறத் தொடங்குகிறது. ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்க இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. லேசான ரோலர், கடினமான ஸ்பிரிங், அகலமான பின் டயர் என்று எதையாவது மாற்றிய வண்டிகளில் இந்தப் புகார் மிக அதிகம். இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் வைத்தியம், இன்னும் ஒரு புதிய பாகத்தை வாங்கிப் போடுவது. பெரும்பாலும் அது தேவையே இல்லை. எங்கே நழுவுகிறது என்று தெரியாமல் ஒரு ஸ்பிரிங்கைக்கூட மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மலையில் மட்டும் ஏன்?

கியரில்லா ஸ்கூட்டரில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரண்டு புல்லிகளும் ஒரு ரப்பர் பெல்ட்டும் இருக்கின்றன. முன்புல்லி இன்ஜின் தண்டின் மேல் இருக்கிறது. அதற்குள் இருக்கும் ரோலர்கள் சுழற்சி வேகத்தில் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, புல்லியின் நகரும் பக்கத்தை நெருக்குகின்றன. அப்போது பெல்ட் மேலே ஏறுகிறது. பின்புல்லியில் ஒரு பெரிய ஸ்பிரிங், அதற்கு அப்பால் கிளட்ச் ஷூக்கள், அவற்றை மூடிய கிளட்ச் டிரம். ஷூக்கள் விரிந்து டிரம்மைப் பிடித்தால்தான் சக்கரம் சுழலும். 1980களில் கைனடிக் ஹோண்டா இந்தியாவுக்குக் கொண்டுவந்த இதே அமைப்புதான் இன்றைய பெட்ரோல் ஸ்கூட்டர்களிலும் இருக்கிறது. பனிப்பிரதேசங்களில் ஓடும் பனிவண்டிகளும் இதே கொள்கையில்தான் ஓடுகின்றன.

செங்குத்தான ஏற்றத்தில் பெல்ட் முன்புல்லியின் அடிப்பகுதியில், மிகச் சிறிய வட்டத்தில் சுற்றுகிறது. புல்லியைத் தொட்டுப் பிடிக்கும் நீளம் அப்போதுதான் மிகக் குறைவு. இழுக்க வேண்டிய சுமையோ அப்போதுதான் மிக அதிகம். சமதளத்தில் வண்டி வேகமெடுத்ததும் பெல்ட் மேலே ஏறிவிடுவதால், தேய்ந்த பெல்ட்டும் நகரத்துக்குள் நல்ல பெல்ட் போலவே நடந்துகொள்ளும். ஏற்காடு சாலை அப்படி விடாது. 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கும் சேலத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு, 20 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக ஏற வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைந்து, பெல்ட் மறுபடி அடிக்கு வந்து, மறுபடி சுமையைத் தூக்குகிறது. பின்னால் ஒருவர், முன்னால் ஒரு மிளகு மூட்டையோ காப்பிக்கொட்டை மூட்டையோ என்று ஏறும் தோட்டத்து வண்டிகளுக்கு இது அன்றாடச் சோதனை.

முதல் படி: உண்மையிலேயே நழுவுகிறதா?

உறுமல் எல்லாம் நழுவல் அல்ல. பெல்ட்டும் புல்லிகளும் இருக்கும் பெட்டியைத் திறப்பதற்கு முன் சாலையிலேயே பாதி விடை கிடைத்துவிடும். வண்டியில் இன்ஜின் சுழற்சி காட்டும் மீட்டர் இல்லையென்றால், பிளக் வயரில் சுற்றிக்கொள்ளும் சிறிய மீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றியமைத்த வண்டி வைத்திருப்பவருக்கு அதைவிடப் பயனுள்ள கருவி இல்லை. அது இல்லாவிட்டால் காதைத்தான் நம்ப வேண்டும்.

போக்குவரத்து குறைந்த அதிகாலையில், ஒருவர் மட்டும் ஓட்டி, அடிவாரத்திலிருந்து ஏறுங்கள். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இன்ஜின் உறுமி, வண்டி தாமதமாக நகர்ந்து, உடல் முழுவதும் அதிர்ந்து, கருகிய வாடை வந்தால் அது கிளட்ச். நன்றாகக் கிளம்பி, 20 அல்லது 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரைக் கூட்டியதும் சுழற்சி சட்டென்று துள்ளி, வேகம் அங்கேயே நின்று, கையைத் தளர்த்தியதும் பிடி திரும்பினால் அது பெல்ட்.

சுழற்சி உயரமாக இருந்தாலும் ஒரே அளவில் நின்று, வேகமும் சீராக ஏறினால் அங்கே நழுவல் எதுவும் இல்லை. லேசான ரோலர் போட்டதன் விளைவு அது. மாறாக, சத்தமே அமுங்கிப்போய் வண்டி மூச்சுவாங்கினால், ரோலர் கனமாக இருக்கிறது, அல்லது பெல்ட் அடி நிலைக்குத் திரும்பாமல் பின்புல்லி சிக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது இன்ஜினிலேயே குறை. உயரத்தில் காற்று மெலிவதால் ஏற்காட்டை எட்டும்போது எந்த வண்டியும் தன் சக்தியில் பத்து சதவீதத்துக்கு மேல் இழந்திருக்கும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் கலவையும் தடித்துவிடும். அதற்குப் பெல்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

பின் பிரேக் உராய்ந்துகொண்டிருந்தாலும் அறிகுறி இதேதான். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். நழுவல் என்று கொண்டுவரப்படும் வண்டிகளில் சில இந்த ஒரு நிமிடத்திலேயே சரியாகிவிடும்.

எப்போது நழுவுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் சில வளைவுகள் நன்றாக ஏறி, சூடேறிய பிறகு நழுவினால் வெப்பத்தையோ எண்ணெய்க் கசிவையோ சந்தேகிக்க வேண்டும். ஏற்காட்டில் இரவு முழுவதும் பனியில் நின்ற வண்டி காலையில் மட்டும் நழுவி, சற்று ஓடியதும் சரியானால் ஈரம் புகுந்திருக்கிறது.

இரண்டாம் படி: பெட்டியைத் திறப்பது

இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, நடு ஸ்டாண்டில் நிறுத்தி இடப்பக்க மூடியைக் கழற்றுங்கள். மூடியின் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. ஒரு அட்டையில் மூடியின் உருவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் போல்ட்டைக் குத்தி வையுங்கள். உள்ளே இருக்கும் கரும்பொடியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். அது பெல்ட் ரப்பரும் கிளட்ச் லைனிங்கும் தேய்ந்த தூள். முகக்கவசம் அணிந்து, ஈரத் துணியால் துடையுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். கிளட்ச் டிரம்மைக் கழற்றிய நிலையில் இன்ஜினை ஓடவிடவே கூடாது. தடுக்க டிரம் இல்லாமல் ஷூக்கள் வெளியே விரிந்து, ஸ்பிரிங் அறுந்து தெறிக்கும். அதேபோல், பின்புல்லியின் பெரிய நட்டைக் கழற்றும்போது உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் முகத்தில் பாயக்கூடும். அதற்கான கிளாம்ப் இல்லாவிட்டால் அந்த வேலையைப் பட்டறையிடம் விட்டுவிடுங்கள். அதில் துணிச்சல் காட்ட எதுவும் இல்லை.

எதையும் துடைப்பதற்கு முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அழுக்கு எங்கே படிந்திருக்கிறது என்பதே பெரிய சாட்சி. முன்புல்லிக்குப் பின்னால் ஈரமாக இருந்தால் இன்ஜின் தண்டின் ஆயில் சீல் போயிருக்கிறது. கிளட்ச்சுக்குப் பின்னால் ஈரம் இருந்து, கந்தக வாடை அடித்தால் அது கியர் ஆயில். பின் தண்டின் சீல் கசிகிறது. பின்புல்லியின் முகத்தில் நடுவிலிருந்து வெளிப்பக்கம் கோடு கோடாகக் கருப்புக் கறை ஓடியிருந்தால், உள்ளே வைத்த கிரீஸ் அளவுக்கு மீறி, சூட்டில் இளகித் தெறித்திருக்கிறது. மாற்றியமைத்த வண்டிகளில் இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஸ்பிரிங்கை மாற்றுகிற கை, கிரீஸை அள்ளி அப்பிவிடுகிறது. அந்தப் பெல்ட் முதல் ஏற்றத்திலேயே நழுவும். உடனே "ஸ்பிரிங் போதவில்லை" என்று அதைவிடக் கடினமான ஸ்பிரிங்கைத் தேடிப் போவார்கள்.

மூன்றாம் படி: பெல்ட்

வெர்னியர் அளவுகோல் வைத்து பெல்ட்டின் அகலத்தை அளவிடுங்கள், ஓரிடத்தில் மட்டும் அல்ல, சுற்றிலும் நான்கைந்து இடங்களில். உங்கள் மாடலுக்கான தேய்மான எல்லை சர்வீஸ் கையேட்டில் இருக்கும். புதிய பெல்ட்டோடு ஒப்பிட்டு ஒரு மில்லிமீட்டர் குறைந்திருந்தாலே மலையேறும் வண்டிக்கு மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். அகலம் குறைந்த பெல்ட் முன்புல்லியில் இன்னும் கீழே இறங்கிவிடும். பின்புல்லியில் முழு உயரத்துக்கு ஏறாது. 110, 125 சிசி ஸ்கூட்டர்கள் பலவற்றுக்கு 20,000 முதல் 24,000 கிலோமீட்டர் வரை கெடு சொல்லப்படுகிறது. அது நகர ஓட்டத்துக்கான கணக்கு. வாரந்தோறும் மலையேறும் வண்டியில் பாதிக் கெடுவிலேயே திறந்து பார்ப்பது நல்லது.

பெல்ட்டின் பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள். மங்கலாக, சற்றே சொரசொரப்பாக இருந்தால் நலம். கண்ணாடி போலப் பளபளத்துக் கெட்டியாக இருந்தால் அது சூட்டில் வெந்த ரப்பர். தேய்த்து மெருகைப் போக்கினாலும் சில நாளில் மறுபடி நழுவும். பற்களின் அடியில் விரிசல், பக்கவாட்டில் நூல் பிரிதல், ஓரிடத்தில் மட்டும் பள்ளம் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஓரிடத்துப் பள்ளம் என்றால், நின்ற இடத்திலேயே முன்புல்லி சுழன்று பெல்ட்டை எரித்திருக்கிறது.

"கிட்டத்தட்ட இதே அளவுதான்" என்று வேறு மாடலின் பெல்ட்டைப் போட்டிருக்கிறார்களா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீளம் சற்றே கூடினாலும் அடி நிலையில் தொய்வு விழுந்து, கிளம்பும்போதே நழுவும்.

நான்காம் படி: புல்லியில் ஒரு கோடு

அழியாத மார்க்கர் பேனாவால் முன்புல்லியின் இரண்டு முகங்களிலும், பின்புல்லியில் எட்டும் இடத்திலும், நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரு நேர்கோடு வரையுங்கள். மூடியைப் பொருத்தி, ஒரு முறை ஏற்றமும் ஒரு முறை சமதளமுமாக ஓட்டிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். பெல்ட் தொட்ட இடமெல்லாம் கோடு அழிந்திருக்கும். முன்புல்லியின் அடிவரை அழியவில்லை என்றால் பெல்ட் முழு இழுவை நிலைக்கு வரவே இல்லை. அப்போது மலையில் திணறுவது நழுவலால் அல்ல. பின்புல்லி சிக்கியிருக்கிறது அல்லது பெல்ட்டின் நீளம் தவறு. விளிம்பு வரை அழியவில்லை என்றால் ஸ்பிரிங் அளவுக்கு மீறிக் கடினம், அல்லது ரோலர் அளவுக்கு மீறி லேசு. ஒரு பேனாவின் விலையில் கிடைக்கும் இந்த விவரத்தை எந்த அனுமானமும் தராது.

ஐந்தாம் படி: பின்புல்லியின் சாய்ந்த காடிகள்

பெரும்பாலானவர்கள் எட்டிக்கூடப் பார்க்காத இடம் இது. மலைக்கு மிக முக்கியமான இடமும் இதுதான். பின்புல்லியின் நகரும் பக்கத்தில் சாய்வான காடிகள், அதாவது பள்ளத் தடங்கள், இருக்கின்றன. அவற்றில் பின்கள் எனப்படும் சிறு உலோகத் துண்டுகள் ஓடுகின்றன. சக்கரத்தில் சுமை கூடும்போது இந்தச் சாய்வு, புல்லியைத் திருகி உள்பக்கம் தள்ளி, பெல்ட்டை இன்னும் இறுகப் பிடிக்கச் செய்கிறது. ஏற்றம் கடுமையாகக் கடுமையாகப் பிடியும் தானாகவே கூடும். ஸ்பிரிங் தருவது அடிப்படை அழுத்தம் மட்டும். சுமைக்கேற்ற அழுத்தத்தைத் தருவது இந்தக் காடிகள்.

பின்கள் தட்டையாகத் தேய்ந்திருந்தாலோ, காடியின் ஓரத்தில் பள்ளம் விழுந்திருந்தாலோ, கிரீஸ் காய்ந்து இறுகியிருந்தாலோ இந்த உதவி கிடைக்காது. இரண்டு பக்கங்களையும் கையால் எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். தடையில்லாமல் திருகி, விட்டதும் ஸ்பிரிங்கின் பலத்தில் துள்ளித் திரும்ப வேண்டும். தேய்ந்த பின்களை மாற்றி, பழைய கிரீஸை முழுவதும் துடைத்து, அதிக வெப்பம் தாங்கும் கிரீஸைக் காடிக்குள் மட்டும் மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். ஓ வளையங்கள் எனப்படும் ரப்பர் வளையங்கள் புதிதாக இருக்கட்டும். கிரீஸ் வெளியே தெறிக்காமல் தடுப்பவை அவைதான்.

ஆறாம் படி: ரோலரும் ஸ்பிரிங்கும்

ரோலர்களை வெளியே எடுத்து உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்தவை உருளாமல் இழுபடும். முன்புல்லி விட்டுவிட்டு நகரும். தேய்ந்தால் எல்லா ரோலர்களையும் சேர்த்தே மாற்றுங்கள். அவற்றோடு இருக்கும் மூன்று பிளாஸ்டிக் நழுவு துண்டுகளும் தளர்ந்திருந்தால் கூடவே மாற்றுங்கள்.

எடையைக் குறைத்தால் இன்ஜின் உயர்ந்த சுழற்சியில் நிற்கும். ஏற்றத்தில் அது நன்மை. ஆனால் அதே சுழற்சியில் முன்புல்லி பெல்ட்டை நெருக்கும் அழுத்தமும் குறைகிறது. அதனால் மிக லேசான ரோலர் மலைக்கு நல்லது என்ற பேச்சு பாதி உண்மைதான். ரோலர் ஒன்றுக்கு அரை கிராம் அல்லது ஒரு கிராம் என்று படிப்படியாகவே குறைக்க வேண்டும். இரண்டு எடைகளுக்கு நடுவே வேண்டுமென்றால் ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டையும் கலந்து வைக்கலாம்.

கடினமான பின் ஸ்பிரிங் நழுவலைக் குறைக்கும் என்பது உண்மை. கூடவே சூட்டையும் பெல்ட் தேய்மானத்தையும் கூட்டும். உச்ச வேகத்தைக் குறைக்கும். சிலிண்டரைப் பெரிதாக்கி இன்ஜினின் இழுவையைக் கூட்டியிருந்தால் அந்த ஸ்பிரிங்குக்கு நியாயம் உண்டு. நிறுவனம் கொடுத்த இன்ஜின் அப்படியே இருக்கிற வண்டியில், முந்தைய படிகளை எல்லாம் முடித்த பிறகும் நழுவினால் மட்டுமே அதை யோசியுங்கள். எண்ணெய்க் கறையையும் தேய்ந்த பின்னையும் கடினமான ஸ்பிரிங் கொஞ்ச காலம் மறைக்கும். பிறகு பெல்ட் அறுந்து, பதினைந்தாவது வளைவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

பின் டயரின் சுற்றளவைக் கூட்டியிருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் பெல்ட் இழுக்க வேண்டிய சுமை கூடியிருக்கிறது. பழைய அளவுக்குத் திரும்புவது, எந்தப் பாகத்தையும் வாங்காமல் கிடைக்கும் தீர்வு. சிலிண்டரை மாற்றுவது பற்றி ஒன்று: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போதுதான் பலருக்கு இது நினைவுக்கு வருகிறது.

ஏழாம் படி: கிளட்ச்

டிரம்மின் உட்புறம் நீலம் பாய்ந்திருந்தால் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. உள்விட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்து, வட்டம் கோணியிருந்தால் மாற்றுங்கள். ஷூவின் லைனிங் பளபளத்திருந்தால் நடுத்தரமான உப்புத்தாளால் லேசாக மெருகு நீக்கலாம். கையேடு சொல்லும் தடிமனுக்குக் கீழே போயிருந்தால் மூன்றையும் மாற்ற வேண்டும். எண்ணெய் குடித்த லைனிங்கைக் கழுவிப் பயனில்லை.

கிளட்ச்சின் சிறிய ஸ்பிரிங்குகளைக் கடினமாக்கியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஷூக்கள் தாமதமாகப் பிடிப்பதால் கிளம்பும்போது துள்ளல் கிடைக்கிறது. ஆனால் மே மாதக் கோடை விழா நாட்களில், முன்னால் ஒரு பஸ் ஊர்ந்துகொண்டிருக்க, ஏற்றத்தில் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்த ஷூக்கள் முழுதாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே எரிகின்றன. மலையேறும் வண்டிக்கு நிறுவனம் தந்த ஸ்பிரிங்கே ஏற்றது. ஏற்றத்தில் நிற்க வேண்டிவந்தால் பிரேக்கைப் பிடித்து நில்லுங்கள். ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள்.

எட்டாம் படி: காற்றும் ஈரமும்

முன்புல்லியோடு சேர்ந்த விசிறி, பெட்டிக்குள் காற்றை இழுத்துப் பெல்ட்டைக் குளிர்விக்கிறது. அந்தக் காற்று வரும் பாதையில் ஒரு நுரை வடிகட்டி இருந்தால் அதைக் கழுவுங்கள். மண் அடைத்திருந்தால் பெல்ட் வேகும். அழகுக்காக மூடியில் துளை போட்டவர்களும், மூடியே இல்லாமல் ஓட்டுபவர்களும் மலைச் சாலையின் மழையையும் மண்ணையும் நேராகப் பெல்ட்டின் மேல் வாங்குகிறார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலையின் குறுக்கே நீர் ஓடும்போது அந்த வண்டிகள் நழுவுவதில் வியப்பே இல்லை. துளையை மூடுங்கள். பெட்டியின் அடியில் இருக்கும் வடிகால் குழாய் அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்பதாம் படி: திரும்பப் பொருத்துவது

புல்லி முகங்களை பிரேக் கிளீனரால் துடைத்து, மெல்லிய நைலான் தேய்ப்பான் கொண்டு வட்டமாகத் தேயுங்கள். கரடுமுரடான உப்புத்தாள் வேண்டாம். அது போடும் கீறல்கள் புதிய பெல்ட்டை அரித்துவிடும். புதிய பெல்ட்டைச் சோப்பு நீரில் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்திப் பொருத்துவது பனிவண்டி ஓட்டுபவர்களின் வழக்கம். தயாரிப்பின்போது ஒட்டிய பூச்சு போய்விடுவதால் இங்கும் அது பலன் தருகிறது. சுத்தம் செய்த பிறகு புல்லி முகத்தையும் பெல்ட்டின் பக்கவாட்டையும் வெறுங்கையால் தொடாதீர்கள்.

பெல்ட்டின் மேல் உள்ள அம்புக்குறி அது சுழலும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். அடுத்து வருவது உயிர் போகிற விஷயம். பின்புல்லியைக் கையால் விரித்து, பெல்ட்டை அதன் ஆழத்துக்கு இறக்குங்கள். அப்போதுதான் முன்பக்கம் தளர்வு கிடைக்கும். அந்தத் தளர்வு இல்லாமல் முன் நட்டை முறுக்கினால், பெல்ட் புல்லி முகத்துக்கும் தண்டின் மேல் இருக்கும் நடு உருளைக்கும் இடையே சிக்கி, நட்டு இறுகியது போலப் பொய்யாகக் காட்டும். ஓட்டும்போது பெல்ட் விலக, முகம் தளர்ந்து, தண்டின் பற்களையே தின்றுவிடும். நட்டைக் கையால் கடைசி வரை சுற்றி, முகம் ஆடாமல் உட்கார்ந்ததை உறுதிசெய்து, கையேடு சொல்லும் அளவுக்கு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். கழற்றுவதற்கு இம்பாக்ட் கன் போதும், முறுக்குவதற்கு ஆகாது. முறுக்கிய பின் நட்டின் மேலிருந்து புல்லிக்குச் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். பின்னால் நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

சோதனை ஓட்டம்

புதிய ஷூவும் பெல்ட்டும் போட்ட வண்டியை அன்றே மலைக்கு ஏற்றாதீர்கள். முதல் நூறு கிலோமீட்டர் வரை நகருக்குள் மென்மையாக ஓட்டி, பாகங்கள் ஒன்றோடொன்று படிய விடுங்கள். பிறகு அடிவாரம் வழியாக ஏறுங்கள். பழக்கப்பட்ட சாலை என்பதால் முன்பு நழுவிய அதே வளைவில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒருவராக ஏறி முடித்த பிறகே பின்னால் ஒருவரோடு ஏறுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ரோலர் எடை, ஸ்பிரிங், பெல்ட் மாற்றிய கிலோமீட்டர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இறக்கத்தையும் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டரை முழுவதும் மூடி மெதுவாக இறங்கினால், சுழற்சி குறைந்து கிளட்ச் ஷூக்கள் டிரம்மை விட்டுவிடும். இன்ஜின் தரும் தடை அறுந்து வண்டி தானாக ஓடத் தொடங்கும். கடினமான கிளட்ச் ஸ்பிரிங் போட்ட வண்டியில் இது இன்னும் சீக்கிரம் நிகழும். அப்போது ஆக்சிலரேட்டரை ஒரு கணம் லேசாகத் தொட்டால் ஷூக்கள் மறுபடி பிடித்துக்கொள்ளும். மீதியை இரண்டு பிரேக்குகளையும் விட்டுவிட்டுப் பிடித்துச் சமாளிக்க வேண்டும். ஒன்றையே அழுத்திக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடி விடும்.

இறங்கி வந்து வண்டி ஆறியதும் மூடியைத் திறந்து வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை பாருங்கள். அப்போது பெட்டிக்குள் கரும்பொடி மறுபடி தடிப்பாகப் படிந்திருந்தால் பெல்ட் இன்னும் எங்கோ நழுவுகிறது. முதலில் சீல்களையும், அடுத்து பின்புல்லியின் காடிகளையும் திரும்பச் சோதியுங்கள்.